இறுக்கம் கூடினால் எடை குறையும் என்று நம்பியிருந்தேன்

முதல் தடவை எனக்குச் சாப்பாடு சிக்கிக்கொண்டது தங்கை வீட்டில். விடுமுறை நாள் மதியம். மேசையைச் சுற்றி எல்லாரும் பேசிக்கொண்டே சாப்பிடுகிறோம். கோழிக்கறியில் ஒரு துண்டு, கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். நாலைந்து தடவை மென்றிருப்பேன். தங்கை மகள் ஏதோ கேட்டாள். பதில் சொல்லும் அவசரத்தில் அப்படியே விழுங்கிவிட்டேன்.

அரை நிமிடத்துக்குள் நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ முஷ்டியை வைத்து அழுத்துவது போல வலி. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. சாதாரண எச்சில் இல்லை, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நுரையும் கொழகொழப்புமாக. பேச முடியவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாஷ்பேசின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து நின்றேன். தங்கை கதவைத் தட்டி, "அக்கா, தண்ணி குடிக்கிறியா?" என்றாள். தண்ணீர்தான் அந்த நேரத்தில் கூடவே கூடாதது. அடைத்துக்கொண்ட குழாயில் மேலும் தண்ணீர் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். தெரியாமல் குடித்தேன், வலி இரண்டு மடங்கானது. முக்கால் மணி நேரம் கழித்து அந்தத் துண்டு, விழுங்கிய வடிவம் மாறாமல் வெளியே வந்து விழுந்தது.

அப்போது எனக்கு, எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சுற்றி மாட்டும் பேண்ட் என்ற வளையத்தை வைத்து மூன்று மாதம். அன்று ராத்திரி படுக்கும்போது பயத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. பேண்ட் பிடிக்கிறது, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புதான் தப்பு. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இப்போதுதான் பேண்ட் வைத்துக்கொண்டவர்களும், வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களும் அந்த ஒன்றரை வருடத்தைத் தவிர்க்க முடிந்தால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரைப்பையின் மேல்பகுதியில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சிலிக்கோன் வளையத்தை மாட்டுகிறார்கள். வளையத்தின் உள்பக்கம் பலூன் மாதிரி ஒரு பகுதி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்திருக்கும் போர்ட் என்ற சிறு வில்லைக்கு வருகிறது. போர்ட்டில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், வெளியே எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதில்லை, குடலை மாற்றி இணைப்பதும் இல்லை.

இந்த வகை பேண்ட் வருவதற்கு முன்பும் இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் அறுவை சிகிச்சைகள் இருந்தன. ஆனால் போட்டது போட்டதுதான், மாற்ற முடியாது. அமெரிக்காவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் லுபோமிர் குஸ்மாக் 1986ல் அதில் பலூனைச் சேர்த்து, இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற பட்டையாக மாற்றினார். 1993ல் பெல்ஜியத்தில் மிட்டிகு பெலாச்சு அதை லேப்ராஸ்கோபி முறையில், சிறு துளைகள் வழியாகவே பொருத்திக் காட்டினார். இந்தக் கதையை நான் பின்னால்தான் படித்தேன். படித்தபோது ஒன்று உறைத்தது. இந்தக் கருவியின் சிறப்பே தளர்த்த முடிவதுதான். நானோ தளர்த்துவதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருக்கச் சொன்னார்கள். முன்கூட்டியே கொஞ்சம் எடை குறையட்டும் என்பதற்காக என்று எண்ணியிருந்தேன். உண்மையான காரணம் கல்லீரல். உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெருத்திருக்கும், அது இரைப்பையின் மேல்பகுதியை மறைத்துக்கொண்டு கிடக்கும். இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தால் அது சுருங்கி, மருத்துவருக்கு வழி விடும். "கடைசியாக ஒரு தடவை" என்று விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஆபரேஷன் மேசையில் போய்ப் படுக்காதீர்கள். அந்த ஆசை எனக்கும் வந்தது, என் கணவர்தான் தடுத்தார்.

ஆபரேஷன் என்னவோ சுலபமாக முடிந்தது. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில், மறுநாள் வீடு. வயிற்றுக் காயங்களைவிட என்னை வாட்டியது இடது தோள்பட்டை வலி. லேப்ராஸ்கோபியில் வயிற்றை உப்ப வைக்கக் கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். அதில் மிச்சம் இருப்பது உதரவிதானத்தை உறுத்தும், அந்த நரம்பின் வலி தோளில் தெரியும். காரணம் தெரியாமல், இதயத்தில்தான் கோளாறோ என்று முதல் ராத்திரி முழுக்கப் பயந்துகொண்டே கிடந்தேன். வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நடந்ததில்தான் வலி குறைந்தது, நாலாவது நாளில் போய்விட்டது. நடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. படுத்தே கிடந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைய வாய்ப்பு கூடும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

துளைகளிலேயே பெரியது போர்ட் வைத்த இடம். குனிந்தால், இருமினால் அங்கேதான் சுருக்கென்று இழுக்கும். ஒரு சிறு தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமினால் தேவலை. சில வாரங்களுக்குக் கனமாக எதையும் தூக்கவில்லை.

அப்புறம் சாப்பாட்டுப் படிகள். எனக்குச் சொன்னது இரண்டு வாரம் திரவம், இரண்டு வாரம் மசித்தது, அதன் பிறகு மெதுமெதுவான உணவு, ஆறாவது வாரத்தில் கெட்டி உணவு. உங்கள் மருத்துவக் குழு வேறு கணக்கு தரலாம், அதையே பின்பற்றுங்கள். முதல் வாரங்களில் வாந்தி எடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். பேண்ட் இருக்கும் இடத்தில் உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவை வளர்த்து நிலைநிறுத்தும்வரை, ஓங்கரிப்பும் வாந்தியும் அதை நகர்த்திவிடலாம். பசி எடுக்கிறதே என்று மூன்றாவது வாரமே கெட்டி உணவுக்குத் தாவக்கூடாது என்பது அதனால்தான்.

பசி எடுக்கும், அதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. முதல் பத்து நாள் வீக்கத்தில் வயிறு தானாகவே சுருங்கின மாதிரி இருந்தது, ஒரு கப் சூப்பே போதும். வீக்கம் வடிந்ததும் பழைய பசி அப்படியே திரும்பி வந்தது. பேண்டில் இன்னும் உப்புநீர் ஏற்றவில்லை, அதனால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். நாலாவது வாரம் நின்றுகொண்டே இரண்டு கிண்ணம் சாதம் சாப்பிட்டுவிட்டு அழுதேன். இவ்வளவு செலவு, இவ்வளவு வலி, கடைசியில் எனக்கு இதுவும் பலிக்கவில்லை என்று தோன்றியது. அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது உங்கள் குற்றம் இல்லை. அது காயம் ஆறுவதற்கான காலம், எடை குறைப்பதற்கான காலம் அது இல்லை. பேண்ட் தன் வேலையை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஆறு வாரம் முடிந்து முதல் ஃபில், அதாவது பேண்டில் உப்புநீர் ஏற்றுவது. என் பேண்டின் கொள்ளளவு 10 மில்லி, அன்று ஏற்றியது 3. மல்லாந்து படுத்துத் தலையைச் சற்றுத் தூக்கச் சொன்னார்கள், அப்போது வயிற்றுத் தசை இறுகி போர்ட் கைக்குத் தட்டுப்படும். ஊசி உள்ளே போகும்போது ரத்தம் எடுக்கிற அளவு வலிதான். அது சாதாரண ஊசி இல்லை, போர்ட்டின் ரப்பர் மூடியில் துண்டு பெயர்ந்து வராதபடி நுனி வேறு மாதிரி செய்யப்பட்டது. சாதாரண ஊசியால் குத்தினால் போர்ட் ஒழுக ஆரம்பிக்கலாம். அதனால் பழக்கம் இல்லாதவர் யாரும் உங்கள் போர்ட்டில் ஊசி போட விடாதீர்கள். முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரை மெல்லக் குடித்துக் காட்ட வேண்டும். தண்ணீர் தங்காமல் இறங்கினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அடுத்தடுத்த மாதங்களில் பேண்டில் மொத்தம் 4.5 மில்லி, பிறகு 5.5. இங்கேதான் தங்கை வீட்டுச் சம்பவம். இங்கேதான் என் தப்புக் கணக்கும். 5.5ல் எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. சின்னத் தட்டில் சாப்பிட்டால் நாலு மணி நேரம் பசி தெரியவில்லை, வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இறங்கிக்கொண்டிருந்தது. பேண்டுக்கு அதுதான் இயல்பான வேகம். ஆனால் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தோழி என்னைவிட மடமடவென்று இளைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் என் எடை அசையாமல் நின்றது. மருத்துவரிடம் போய், "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க டாக்டர்" என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் தயங்கினார், சாப்பாட்டுக் குறிப்பேட்டைக் கேட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். 6, அப்புறம் 6.8.

6.8ல் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்ல வேண்டும். காலையில் காபியே இறங்காது. கறி, காய்கறி, ரொட்டி எதுவும் போகாது. ஆனால் ஐஸ்கிரீம் போகும். சாக்லேட் வாயிலேயே கரைந்து போகும். மில்க் ஷேக் போகும், மொறுமொறு பிஸ்கட் எச்சிலில் ஊறிப் போகும். நல்ல சாப்பாடெல்லாம் வலித்தது, வழுக்கிக்கொண்டு இறங்குகிற இனிப்பு மட்டும் வலிக்கவில்லை. மூன்று மாதத்தில் எடை 4 கிலோ கூடியது. இறுக்கியும் ஏறுகிறதே, இன்னும் இறுக்க வேண்டும்போல என்றுதான் அப்போதும் நினைத்தேன். ராத்திரி படுத்தால் எதுக்களிப்பு, புளித்த நீர் தொண்டைவரை வந்து புரை ஏறும், இருமி இருமி எழுந்து உட்காருவேன். சளிப் பிடித்திருக்கிறது என்று இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி இருமலைப் பற்றி நான் சும்மா சொல்லப் போய், மருத்துவர் அன்றே, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற திரவத்தைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே பார்த்தார். பேண்டுக்கு மேலே இருக்கும் சிறு பை வீங்கிப் பெருத்திருந்தது, பேரியம் அதில் குளம் மாதிரி தேங்கி நின்றது. அப்படியே விட்டிருந்தால் பேண்ட் நழுவி, இன்னொரு ஆபரேஷன் வரைகூடப் போயிருக்கலாம். உப்புநீர் முழுவதையும் வெளியே எடுத்தார்கள். ஆறு வாரம் பேண்ட் காலியாகவே இருந்தது. அந்த ஆறு வாரமும் எடை தாறுமாறாக ஏறிவிடும் என்று பயந்தேன், ஏறியது 2 கிலோதான். அதிர்ஷ்டவசமாகப் பை பழைய அளவுக்குத் திரும்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 5.2ல் நிறுத்தினோம்.

அந்தச் சமயத்தில்தான் பேண்ட் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார வைத்து விளக்கினார்கள். அது சாப்பாட்டுக்குப் போட்ட பூட்டு என்றே நான் நினைத்திருந்தேன். நன்றாக மென்ற ஒரு சிறு கவளத்தை உணவுக்குழாய் சில தடவை பிழிந்து பேண்டைத் தாண்டித் தள்ளுகிறது, அதற்கு ஒரு நிமிடம் வரை ஆகலாம். ஒவ்வொரு கவளமும் கடக்கும்போது அந்த இடத்தில் உள்ள நரம்பு முனைகள் அழுத்தப்பட்டு, போதும் என்ற சேதி மூளைக்குப் போகிறது. அதாவது கெட்டி உணவு பேண்டைக் கடந்தால்தான் வயிறு நிறைந்த உணர்வு வரும். கடக்கவே முடியாதபடி இறுக்கிவிட்டால் அந்தச் சேதியே போகாது. திரவமும் இனிப்பும் நழுவி ஓடிவிடுவதால் அவற்றாலும் நிறைவு வராது. சரியான அளவுக்கு அடையாளம் ஒன்றுதான்: கறி, பருப்பு, காய்கறி எல்லாம் சாப்பிட முடிய வேண்டும், ஆனால் கொஞ்சம் சாப்பிட்டதும் போதும் என்று தோன்ற வேண்டும். சாப்பிடவே முடியவில்லை என்றால் அது இறுக்கம் அதிகம். இதில் எனக்கு இப்போது துளியும் சந்தேகம் இல்லை.

இப்போது நான் சாப்பிடும் விதம் இதுதான். சின்னத் தட்டு, சின்னக் கரண்டி. சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கவளம். கூழாகும்வரை மெல்வது, விழுங்குவது, கரண்டியைக் கீழே வைப்பது, ஒரு நிமிடம் காத்திருப்பது. இருபது நிமிடத்தில் முடித்துக்கொள்வது, தட்டில் மிச்சம் இருந்தாலும் சரி. முதலில் புரதம், பிறகு காய்கறி, இடம் இருந்தால் சாதம். எனக்குச் சொன்ன புரதக் கணக்கு நாளுக்கு 60 கிராம். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். கேஸ் உள்ள பானங்களை விட்டுவிட்டேன். மெத்தென்ற ரொட்டி மாவு உருண்டையாகி அடைத்துக்கொள்ளும், டோஸ்ட் செய்தால் இறங்கும். உலர்ந்த கோழிக்கறியைவிடக் குழம்பில் ஊறியது நல்லது. காலையில் பேண்ட் கூடுதல் இறுக்கமாகத் தெரிகிறது, அதனால் முதலில் வெந்நீர், ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. கோபத்திலோ அவசரத்திலோ இருந்தால் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவேன். தங்கை மகளும் பழகிவிட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்திருந்தால் காத்திருக்கிறாள். "பெரியம்மா, முழுங்கியாச்சா?" என்று கேட்ட பிறகுதான் கதையை ஆரம்பிக்கிறாள்.

மாத்திரை விஷயத்தில் கவனம் வேண்டும். பெரிய மாத்திரைகள் சிக்கும். எல்லாவற்றையும் பொடித்துவிடவும் முடியாது, மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். மருந்தாளரிடம் கேட்டுத் திரவமாகவோ சின்னதாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நானாக எடுப்பதில்லை, அவை இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடியவை. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்கள் எடை குறையக் குறைய அளவை மருத்துவரிடம் காட்டி மாற்ற வேண்டும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரையோ அழுத்தமோ அளவுக்கு மீறி இறங்கலாம்.

நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வேகமாக எடை குறையும்போதும் ஆபரேஷனுக்குப் பிறகும் இது நடப்பதுதான், சில மாதங்களில் நின்று மறுபடி வளர்ந்தது. பல்வகை வைட்டமின் மாத்திரையும் வருடாந்தர ரத்தப் பரிசோதனையும் விடாமல் தொடர்கிறேன். குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். எடை குறைந்துகொண்டிருக்கும் முதல் 12 முதல் 18 மாதங்களைத் தள்ளிப்போடச் சொல்வார்கள், கர்ப்பம் வந்தால் பேண்டைத் தளர்த்தவும் முடியும்.

மனசைப் பற்றியும் எழுத வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாப்பாடுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. பேண்ட் அந்த ஆறுதலை எடுத்துக்கொண்டது, பதிலுக்கு எதையும் தரவில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஒரு வெறுமை. ஐஸ்கிரீம் காலத்தில் நான் தேடியது பசிக்கான சாப்பாட்டை இல்லை என்று ஒரு ஆலோசகரிடம் பேசித்தான் புரிந்துகொண்டேன். இப்போது அந்த ஒரு மணி நேரம் நடக்கப் போகிறேன், பெரும்பாலும் கணவரும் கூட வருகிறார். எல்லா நாளும் அது போதுமானதாக இருப்பதில்லை, அப்படிப்பட்ட நாட்களில் ஆலோசகரைக் கூப்பிடுகிறேன்.

118 கிலோவில் ஆரம்பித்தேன், இப்போது 91. நடுவில் ஏறியது இறங்கியது எல்லாம் சேர்ந்துதான் இந்த 27. முழங்கால் வலி இல்லாமல் மாடி ஏறுகிறேன், ராத்திரி குறட்டை நின்றுவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பேண்ட் வைப்பது குறைந்து, இரைப்பையின் ஒரு பகுதியை நீக்கும் ஸ்லீவ் முறைதான் அதிகம் நடக்கிறது. நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போதல், போர்ட் கோளாறு, போதிய எடை குறையாமை என்று பலருடைய பேண்டை எடுத்தே விட்டார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். அடிக்கடி போய் வரக்கூடிய தூரத்தில் பேண்டைச் சரிசெய்யத் தெரிந்த மருத்துவர் இல்லையென்றால் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போவது, நிற்காத வாந்தி, திடீரென்று கடுமையான வயிற்று வலி, போர்ட்டைச் சுற்றிச் சிவந்து காய்ச்சல் வருவது. வாந்தி நாள்கணக்கில் தொடர்ந்தால் உடலில் தயமின் (வைட்டமின் B1) தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம், அதனால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்க வேண்டாம். நேற்றுவரை பிடித்துக்கொண்டிருந்த பேண்ட் இன்று ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டாலும் காட்டுங்கள், எங்கோ ஒழுகலாம், அல்லது பேண்ட் அரித்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். என் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன்: பேண்டின் வகை, கொள்ளளவு, இப்போது எவ்வளவு மில்லி இருக்கிறது, கடைசியாகச் சரிசெய்த தேதி, மருத்துவரின் எண். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் எல்லாரும் பேண்டைப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அடுத்த மாதம் வருடாந்தரப் பரிசோதனை. பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுப்பார்கள். குறிப்பேட்டை இந்தத் தடவை உள்ளது உள்ளபடி எழுதி வைத்திருக்கிறேன், சாக்லேட் சாப்பிட்ட இரண்டு நாட்களையும் சேர்த்து. போன மாதம் எடை அரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. 5.2ஐ மாற்றச் சொல்லப் போவதில்லை.